சில்வர் ஓக் கத்தி

சாம்பாரில் மரத்தூள் மிதந்தது. பெருங்காயமாக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் மகேஸ்வரி கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தாள். இல்லை, மரத்தூளேதான். முந்தாநாள் புடவை மடிப்பில், நேற்று தயிரில், இன்று சாம்பாரில். மைசூர் விஜயநகரில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடியிருக்கிற எவளுக்காவது இப்படி ஒரு தலையெழுத்து உண்டா? புருஷன் குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். முப்பத்தாறு வயதில் வீடியோ கேமில் வரும் கத்தியை மரத்தில் செய்துகொண்டிருக்கிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கத்தி என்றால் சின்னக் கத்தியா? ஐந்தரை அடி. சுரேந்தர் ஆடுகிற அந்த விளையாட்டில் நூற்றைம்பது மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டால்தான் அது கைக்குக் கிடைக்குமாம். மேலே போகப்போக அகன்று, நுனியில் வளைந்து, பிடியில் இரண்டு உருட்டு விழிகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில், கேம் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு போட்டி. அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். மரமில்லில் சில்வர் ஓக் பலகை வாங்கி வந்து, அடுக்களைக்குப் பின்னால் துணி துவைக்கிற யுட்டிலிட்டியில் போட்டு, ஒரு மாதமாக அறுப்பும் இழைப்பும் உப்புத்தாள் தேய்ப்பும். வாஷிங் மெஷின் மேல் உளி கிடந்தது. சோப்பு டப்பாவில் சோப்பைத் தவிர எல்லாம் இருந்தது.

போதாக்குறைக்கு உள்ளறையில் அப்பா. லிங்கப்பனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து நாற்பது நாள் ஆகிறது. சொந்த ஊரான கோபிநத்தத்துக்கு அனுப்பினால், காட்டோரத்தில் அவசரத்துக்கு டாக்டர் கிடைக்க மாட்டார். அம்மா பாப்பாயியோ, யானையிடமிருந்து ராகியைக் காப்பாற்ற ஊரிலேயே கிடந்தாக வேண்டும். ஆகவே மகள் வீடு. மகள் வீடு என்றுதான் அவர் சொல்வார். மருமகன் வீடு என்று வாய் தவறிக்கூட வராது. நம் சாதி ஆளில்லாத பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருஷமாகச் சுரேந்தரோடு அவருக்குப் பேச்சே கிடையாது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதால் பகலெல்லாம் கூட இருப்பவன் அவன்தான். அவன் நீட்டுகிற மாத்திரையை வாங்கி விழுங்குவார். "தண்ணி சூடு பத்தலைன்னு சொல்லு மகேசு" என்று, மகேசு ஆபீசில் இருக்கிற நேரத்தில், சுவரைப் பார்த்துச் சொல்வார்.

ஆறு வருஷத்தில் மகேஸ்வரி எந்தச் சாமியிடமும் வேறு எதையும் கேட்டதில்லை. அப்பா ஒரே ஒரு தடவை அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சாம்பாரைக் கொட்டிவிட்டு நேரே யுட்டிலிட்டிக்குப் போனாள். அப்பா எதிரில் சுரேந்தரை அவள் கூப்பிடுவது 'ஏங்க'. கதவைச் சாத்தினால் 'டேய்'.

"டேய், டாக்டர் என்ன சொன்னாரு? தூசி ஆகாதுன்னு சொன்னாரா இல்லியா? அவரு இருமுனா உயிர் போற வலி வலிக்குது. உனக்கு இந்தக் கண்றாவிதான் முக்கியமா?"

"கதவு சாத்திட்டுதானே தேய்க்கிறேன் மகேசு? ஸ்வல்ப பொறுத்துக்கோ. பிடி மட்டும்தான் பாக்கி."

"பொறுத்துப் பொறுத்துத்தான் சாம்பார்ல மரம் திங்கற கதிக்கு வந்திருக்கேன்!"

சத்தம் கூடத்துக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. அங்கிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கண்ணு, அவரெ எதுக்கு வையற? அவரு பாட்டுக்கு செய்யட்டும் உடு."

மகேஸ்வரி தன் காதையே நம்பவில்லை. அவரா? கூடத்துக்கு ஓடினாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்? தாடி மழிக்காம, கவிச்சி தொடாம, கால்ல செருப்பு இல்லாம ஒரு மனுசன் அருவா செதுக்கறான்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நம்மூரு முனியப்பனுக்கு வேண்டிட்டிருக்கறாரு. என்ற உசுருக்கு."

மகேஸ்வரிக்கல்லவா தெரியும்! தாடி, சோம்பேறித்தனத்தில் வளர்ந்தது. கவிச்சி, இதய நோயாளிக்கு ஆகாதென்று அவளே நிறுத்தியது. செருப்பு, மரத்தூளை வீடெல்லாம் இழுக்கிறான் என்று அவள் போட்ட கூச்சலில் வாசலோடு நின்றுபோனது.

"மரத்துலயாப்பா செய்வாங்க?" என்று கேட்டுவைத்தாள்.

"எங்கப்பன் காலத்துல மரந்தான். இரும்பெல்லாம் அப்புறமேட்டுக்கு வந்துது. ஆசாரிகிட்டக் குடுக்காம கைப்பட செய்யறாரு பாரு, அதுதான் பெருசு." மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் அழுகிறார்!

விஷயத்தைச் சொன்னதும் சுரேந்தர் முதலில் வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவன் முகம் மாறிவிட்டது.

"அய்யோ, தப்பு மகேசு. நானே போய்ச் சொல்லிடறேன்."

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். ஆறு வருஷம்டா. உன்னப் பொய்யா சொல்லச் சொல்றேன்? சும்னே இரு, போதும்."

அவன் சும்மா இருந்தான். மூன்று நாள் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "வாங்க மாப்ள, சேந்து உண்ணலாம்" என்று அப்பா கூப்பிட்டார். மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொன்னார். உப்புத்தாள் சத்தம் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தக் கதவு எதுக்குச் சாத்தறீங்க, தொறந்து வெய்யுங்க, நானும் பாக்கறன்" என்றார். மகேஸ்வரி தூசியைப் பற்றிப் பேசினால், "சாமி காரியத்துல தூசியென்ன, துரும்பென்ன?" என்று அவளைத்தான் அடக்கினார். மாப்பிள்ளை என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே, உண்மை தெரிந்தால் என்ன ஆகுமோ என்றிருந்தது. சுரேந்தரோ அவர் கூப்பிடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான். ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. விரதம் முற்றுகிறது என்று அப்பா அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்.

அதோடு விட்டாரா? பங்காளி காளிதாஸுக்குப் போன் போட்டார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஆறு வருஷமாக ஊரில் வாய்க்கு வந்ததெல்லாம் பேசியவன் அவன்தான். "என்ற மருமவனப் பத்தி என்ன சொன்ன நீ? வந்து பாரு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பாப்பாயி போனில் அழுதாள். யாரோ ஒரு சித்தி, மாப்பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகேஸ்வரி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணு, எல்லாம் பேசியாச்சு. ஞாயித்துக்கெழம அமாவாச. காளிதாசு நாளைக்கு வண்டி எடுத்துக்கிட்டு வாரான். நானு, நீயி, மாப்ள, எல்லாருமா போயி கத்திய முனியப்பனுக்கு வெச்சுட்டு வந்தரலாம். கெடா வெட்டும் சொல்லியாச்சு."

ஞாயிற்றுக்கிழமை. போட்டி. மகேஸ்வரி யுட்டிலிட்டிப் பக்கம் திரும்பினாள். கத்திப் பிடியில் இருந்த விழிகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சுரேந்தர், பிரஷ்ஷும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நின்றான். வேண்டாம் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவேயில்லை.

"மாமா, இது சாமிக்குச் செஞ்சதில்ல. நான் ஒண்ணும் வேண்டிக்கல. நான் ஆடற வீடியோ கேம்ல வர்ற கத்தி இது. ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல போட்டி இருக்கு. நீங்க தப்பா நெனச்சுட்டீங்க. நானும் மூணு நாளா சொல்லாம இருந்துட்டேன். தப்புதான்."

"வெளையாட்டுச் சாமானா?"

"ஆமா மாமா."

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"மகேசு, காளிதாசு வண்டி வந்தா நான் மட்டும் ஊருக்குப் போறன்னு சொல்லு. ஊரையே கூட்டிச் சொல்லிப்போட்டன். எம்பட மானமே போச்சு."

சொல்லு மகேசு. மறுபடியும் சொல்லு மகேசு! மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. இது போதாதென்று சுரேந்தர் உள்ளே போய்க் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க மாமா. கோயில்லயே வெச்சிடுங்க. நான் போட்டிக்குப் போகல."

"பொய்யாச் செஞ்சது சாமிக்கு எதுக்குன்னு கேளு மகேசு."

அவ்வளவுதான், மகேஸ்வரிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கைப்பையை விட்டெறிந்தாள். டிபன் டப்பா உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

"நான் எதுக்குக் கேக்கணும்? அவரு செவுடா? எதிர்லதானே நிக்கறாரு! நாப்பது நாளாப்பா! ஆஸ்பத்திரியில உங்க மூத்தரச் சட்டி எடுத்தது யாரு? பத்து நாள் கட்டிலுக்குக் கீழ வெறுந்தரையில படுத்துக் கெடந்தது யாரு? தெனம் உங்களைக் குளிக்க வெக்கறது யாரு? தையல்ல தண்ணி படக் கூடாதுன்னு ஒரு கையில உங்களைத் தாங்கிட்டு, ஒரு கையில மொண்டு ஊத்தறாரே, அதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியலையா? உங்க பங்காளி ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா? அதுக்கெல்லாம் இந்த மனுசனுக்கு ஒரு வார்த்த கெடையாது. ஒரு மரக்கட்டைக்கு மாப்ள! சாமிக்குச் செஞ்சா மாப்ள, உங்களுக்குச் செஞ்சா வேலக்காரனா?"

"மகேசு, விடு" என்றான் சுரேந்தர்.

"நீ பேசாதடா!" அப்பா எதிரிலேயே டா வந்துவிட்டது. "உனக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இருக்கத் தெரியாதா? இப்ப எதுக்குக் கத்தியத் தூக்கிக் குடுக்கற? இத்தன நாள் நான் தின்ன தூசிக்குக் கணக்கு யாரு சொல்றது? போ, போய்ப் பெயிண்ட் அடி. போட்டிக்குப் போகாம வீட்டுல உக்காந்தே, அத அடுப்புல வெச்சிடுவேன்!"

கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் நாசமாகப் போயிற்று. தானும் சேர்ந்துதான் நாசமாக்கியிருக்கிறோம் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு போனில் மணி போகிற சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்துப் பேசுவது பிடிக்காது என்பதால் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எதிர்முனையில் காளிதாஸின் குரல் கூடமெல்லாம் நிறைந்தது.

"சொல்லுங்கண்ணா. வண்டிக்குச் சொல்லியாச்சு. கத்தி ரெடியா?"

"கத்தி வராது காளிதாசு. அது சாமிக்குச் செஞ்சதில்ல. அவரு ஆடற வெளையாட்டுக்குச் செஞ்சுது. நாந்தான் தப்பா நெனச்சுட்டன்."

எதிர்முனையில் ஒரு சிரிப்பு வந்தது. "அதான பாத்தன்! நானு அன்னிக்கே சொன்னனல்லண்ணா, அவனாவது, வேண்டறதாவது..."

"சிரிக்காத. நாஞ்சொல்றதக் கேளு." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுத் தையல் மேல் கையை வைத்துக்கொண்டார். "நாப்பது நாளா என்னையக் குளிக்க வெக்கறது யாருன்னு தெரியுமா உனக்கு? மூத்தரம் எடுத்தது யாருன்னு தெரியுமா? மகேசு இல்ல. மாப்ள. என்ற மாப்ள. கேட்டுதா?"

அப்பா போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கத்தியப் பத்தி ஊரெல்லாம் சொன்னயல்ல? இதையும் போயிச் சொல்லு."