காலை முகம்

என் மனைவி ரேணுகாதேவி தன் தலையணையைத் தூக்கிப் பரணில் போட்ட அன்றுதான் இது தொடங்கியது. ஒருக்களித்துப் படுத்தால் கன்னத்தில் கோடு விழுமாம். மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று செல்போனில் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். ரேணுகா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. இப்போது எழுத உட்கார்ந்தால் அந்த நாள்தான் முதலில் வருகிறது.

அதற்கு முந்தின வாரம் பந்தல்குடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு அடுத்து இருந்த அம்மாள், “இவுக ஒங்களுக்கு மூத்தவுகளா?” என்று ரேணுகாவைக் காட்டிக் கேட்டார். அவளுக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்து நான்கு. நான் விளையாட்டாக, “ஆமா, எங்க அக்காதான்” என்றேன். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாயசத்தை மட்டும் தொடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்: “இது பதினேழு வருசம் வெயில்ல நின்ன மூஞ்சி. ஒங்களுது ஜெராக்ஸ் கடையில ஃபேனுக்கடியில இருந்த மூஞ்சி.”

டீயில் சீனியை நிறுத்தினாள். காலையில் ஊறவைத்த பாதாம் ஐந்து, பிறகு நெல்லிக்காய்ச் சாறு, மத்தியானம் பப்பாளி. இரண்டு லிட்டர் பாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை காலியாக வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீர் வாங்கினோம். நூறு நாள் வேலைக்குக் கண் மட்டும் தெரிய முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு போவாள்.

“ஏத்தா, கம்மாயில மண்ணள்ள வந்தியா, கொள்ளையடிக்க வந்தியா?” என்பாள் கூட வேலை பார்த்த மாயக்காள்.

“சிரிக்க வைக்காதக்கா, கண்ணோரம் சுருங்குது” என்று இவள் இரண்டு விரலால் கண்ணோரங்களை இழுத்துப் பிடித்துக்கொள்வாளாம்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் ஒரு காலை எழுந்து வந்தவளைப் பார்த்து நானே நின்றுவிட்டேன். நெற்றிக் கோடுகள் இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் இல்லை. கன்னம் மினுமினுவென்று நிறைந்திருந்தது. “கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி இருக்கே” என்றேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அன்று துண்டு சுற்றாமல் வேலைக்குப் போனாள். “என்னத்தடி திங்கிற?” என்று கேட்டுப்போன மாயக்காள், மறுநாள் அருப்புக்கோட்டைச் சந்தையில் பப்பாளி வாங்கி வந்தாள்.

சாயங்காலமானால் கோடுகள் திரும்பிவிடும். கணுக்காலில் செருப்பு வார் பதிந்து கிடக்கும்.

“காலையில வந்தது சாயந்திரம் எங்கங்க போகுது?”

“வெயில் உறிஞ்சிருது. இன்னும் கொஞ்சம் தண்ணி குடி.”

நான்தான் சொன்னேன். தினமும் பேப்பர் படிக்கிறவன் என்று என் பேச்சை அவள் நம்பினாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். மத்தியானம் இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்து எழுந்தால் காலை முகம் திரும்ப வந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மெட்டி இறுகி, ஆசாரியிடம் போய் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. சதை போடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சோறு பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரே ஒரு முறை, கூச்சத்தோடு, “ஒன்னுக்குப் போனா நுரையா போகுதுங்க” என்றாள்.

“குடிக்கிற தண்ணி அப்பிடி” என்றேன்.

புரட்டாசியில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. டவுனுக்குக் கூட்டிப்போனேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“மூஞ்சியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு சிஸ்டர். மூச்சு மட்டும் வாங்குது” என்றேன்.

நர்சம்மா நிமிர்ந்தார். “கிட்னிக்கு டெஸ்ட் எதும் எடுத்திருக்கீங்களா? மூஞ்சி எத்தன நாளா இப்பிடி வீங்கியிருக்கு?”

ரேணுகா என்னைப் பார்த்தாள். “வீக்கமா?”

நர்சம்மா குனிந்து, அவள் சேலையைச் சற்று விலக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவில்லை. வெளியே யாருடைய டோக்கனையோ கூப்பிட்டார்கள். குழி அப்படியே இருந்தது.

ரேணுகா தன் கட்டைவிரலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். அழுத்தவில்லை.