துரைசாணி கேட்ட மயோனீஸ்

அலுவிகாரைக்கு மேலே இருந்த கொக்கோத் தோட்டத்துப் பங்களாவில் அழகமுத்துதான் சமையல் பார்க்கும் குசினிக்காரர். வெள்ளைக்காரத் துரைசாணி அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார், துரை கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு தமிழ்த் துரை வந்தார், மனைவி சந்திரகாந்தாவோடு.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். "லுணுமிரிஸ் இல்லாம எனக்குச் சோறு இறங்காதுங்க. மிளகாயும் வெங்காயமும் உப்போட நல்லா இடிச்சு வைங்க. மாங்காய் அச்சாறும் பிடிக்கும். அந்த மயோனீஸ மட்டும் கண்ணுல காட்டிறாதீங்க. பிள்ளை கக்கின மாதிரி இருக்கும்."

அழகமுத்து சிரித்துக்கொண்டார். பழைய துரைசாணிக்கு மயோனீஸ் இல்லாமல் சாப்பாடே கிடையாது. மிளகாய் வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மழை தொடங்கியபோது சந்திரகாந்தா லுணுமிரிஸைத் தொடாமல் தள்ளிவைத்தாள். எரியுது என்றாள். அச்சாறும் அப்படியே திரும்பி வந்தது. பிறகு ஒரு மத்தியானம், துரை மலைக்குப் போயிருந்த நேரம், குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மொட்டு, மயோனீஸ் போடு. கடுகு வேணாம். தேசிக்காய்ப் புளி கொஞ்சம்."

அழகமுத்துவின் கை நின்றுபோயிற்று. முத்து என்று சொல்ல வராமல் அவரை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒருத்தர்தான்.

"முட்டை இல்லைங்கம்மா," என்றார்.

"முட்டை இருக்கு. அன்னைக்கும் நீ இல்லை சொல்லிச்சு."

குரல் சந்திரகாந்தாவுடையதுதான். தமிழ் அவளுடையது அல்ல.

காய்ச்சலில் கிடந்த துரைசாணி கடைசியாகக் கேட்டது மயோனீஸைத்தான். டொக்டர் கூடாது என்றதால், முட்டை தீர்ந்துபோச்சு என்று அழகமுத்து சொன்னார். அப்போது அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

அவர் மஞ்சள் கருவை அடித்தார். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இறுகி, வெளுத்து, அழகாக வந்தது. அவள் நின்றபடியே பாண் ரொட்டியில் தடவித் தின்றாள். கோப்பையை விரலால் வழித்தாள்.

"நல்லம், மொட்டு," என்று முக்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தேத்தண்ணி நேரத்தில் விழித்தவள் கையை முகர்ந்து முகம் சுளித்தாள். "என்னங்க இது முட்டை வாடை? நான் எப்ப குசினிக்கு வந்தேன்?"

"தலை சுத்துதுன்னு வந்தீங்கம்மா."

அன்று இரவு அவள் லுணுமிரிஸைப் பழையபடி அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள். அழகமுத்துவுக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை. விடிந்ததும் துரையிடம் போய், குசினி வேண்டாம், கொக்கோ ஸ்டோரில் வேலை தாருங்கள் என்று கேட்டார்.

சந்திரகாந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "நான் ஏதும் சொல்லிட்டேனா?"

"இல்லைங்கம்மா. முட்டை அடிச்சுக் கை வலிக்குது."

"நான்தான் முட்டையக் கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

அவர் ஸ்டோர் பக்கம் இறங்கிப் போனார்.