கேட்டல், பேசுதல்

தலைநகரத்திலிருந்து வந்த இணையப் படிவத்தின் பட்டியலில் நாற்பத்தொரு மொழிகள் இருந்தன. துறைத்தலைவி மூன்றாவது முறையாக அதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாள். 'பயிற்று மொழி' என்ற கட்டத்தில் ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். சைகை மொழி அதில் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால், 'இப்படிப்பு பொதுச் சட்டகத்துக்குள் வராது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. தலைநகரத்து உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஏதாவது ஒண்ணப் போட்டு விடுங்க மேடம். எல்லா யுனிவர்சிட்டியும் அப்படித்தான் பண்றாங்க."

"எங்க பிள்ளைங்களுக்குக் காது கேக்காதுங்க. எதப் போடச் சொல்றீங்க?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அதுக்கு இங்க இடமில்ல மேடம்," என்றார் அந்த மனிதர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

பக்கத்து அறையில் அவள் அண்ணன் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். பிறவியிலேயே காது கேளாதவன். பதினெட்டு வருஷம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவன். ஊரே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் இவன் மட்டும் ராஜா மாதிரி இருந்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மாணவர்கள் உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து அழுத்திக் காட்டினால் 'அச்சு வாத்தியார்' என்று அர்த்தம். கல்லூரி வாசலை மிதிக்காத அவனை இங்கே வாத்தியாராக்கியது பல்கலைக்கழகத்தின் பழைய சட்டத்திலிருந்த ஒரு வரி: எதையும் கற்பிக்கவும் கற்கவும் தகுதியானவர் யார் என்பதைப் பேரவையே முடிவு செய்யும். பன்னிரண்டு வருஷம் முன்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணனும் தங்கையும் இந்தத் துறையைத் தொடங்கினார்கள். காது கேளாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு பட்டப்படிப்பு. அதே வரியால்தான் புவியியல் துறையில் கல்குவாரித் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. பள்ளி இறுதியைத் தாண்டாத பெண்கள் தாவரவியல் படித்தார்கள். எல்லோரும் இது என்ன பல்கலைக்கழகமா, சந்தைக்கடையா என்றார்கள். சந்தைக்கடையாகத்தான் இருந்தது, நன்றாக இருந்தது.

இப்போது பொதுச் சட்டகம் என்று நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே நுழைவுத்தேர்வு. பாடம் நடத்த முனைவர் பட்டம் கட்டாயம். ஏற்காவிட்டால் இந்த வருஷத்திலிருந்து தரும் பட்டம் எதுவும் செல்லாது.

அதை ஏற்கும் தீர்மானத்துக்காகப் பேரவை இரண்டு மணிக்குக் கூடியது. துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு மட்டும் இதுல ஆசையா? கழுத்துல கத்தி வெச்சிட்டு, சம்மதமான்னு கேக்குறாங்க. வேண்டாம்னு சொல்ற தைரியம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றார். புவியியல் பேராசிரியர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அண்ணன் சிறப்பு அழைப்பாளர். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவன் எழுந்து நின்று கைகளால் பேச, அவள் எதிரே நின்று குரல் கொடுத்தாள்.

"நான் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எந்த இடத்துல தலையாட்டணும்ங்கிறத மட்டும்தான் கத்துக்கிட்டேன். உங்க புதுப் பாடத்திட்டத்துல முதல் தாளே கேட்டல், பேசுதல். அதுல தேறாம அடுத்த வருஷம் போக முடியாது. எங்க பிள்ளைங்க தலையாட்டியே பட்டம் வாங்கிட்டுப் போவாங்க."

அண்ணனின் கைகள் நிற்கவில்லை. 'அப்படி நடத்துறதுக்குப் பதிலா இந்தத் துறைய இன்னிக்கே மூடிருங்க. அதுவாவது நேர்மையா இருக்கும்' என்றன.

அவள் வாய் திறந்து, மூடிக்கொண்டது.

"முடிஞ்சுதா மேடம்?" என்றார் பதிவாளர்.

"முடிஞ்சுது."

அண்ணன் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு படிக்க அவனுக்கு வராது. ஆனால் உதடு எப்போது நின்றது என்று பார்க்கத் தெரியும்.

வாக்கெடுப்பில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. துறையில் முப்பத்தொரு பேர் படித்தார்கள். இத்தனை வருஷம் படித்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள் என்பது ஒன்றுதான் அவள் மண்டையில் ஓடியது. அவளும் கை தூக்கினாள். 'சிறப்பு அழைப்பாளர் கருத்துத் தெரிவித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று பதிவாளர் எழுதிக்கொண்டார்.

மாடிப்படியில் அண்ணன் அவளை நிறுத்தினான். 'கடைசியா சொன்னத நீ சொல்லல.'

'சொன்னா மூடிருவாங்கண்ணா.'

'மூடத்தான் சொன்னேன்.'

'பிள்ளைங்க பட்டம் போயிடும். அவங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?'

'அத நீ உன் வாயால சொல்லிருக்கலாம். என் பேச்ச ஏன் முழுங்கின? உனக்கு மூணு வயசுலேர்ந்து ஒரு வார்த்த விட்டதில்லையே நீ.'

அவள் பதில் சொல்லக் கை எடுப்பதற்குள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கினான். பார்க்காதவனிடம் எதையும் சொல்ல முடியாது. கத்திக் கூப்பிடவும் முடியாது.

நான்காம் நாள் அண்ணி போன் செய்தாள். "என்னம்மா நடந்துச்சு? வீட்ல கைய அசைக்கவே மாட்டேங்கிறார். சாப்பாடு வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையதான் ஆட்டுறார்." "சரியாயிடும் அண்ணி," என்று வைத்துவிட்டாள். சரியாகவில்லை.

விடுமுறை முடிந்து திறந்தபோது குவாரிக்காரர்களின் ஞாயிறு வகுப்பு நின்றுபோயிருந்தது. துறைக்கு முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண் வந்தாள். பேச்சுப் பயிற்சியில் ஆராய்ச்சி செய்தவள். குணத்தில் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைப் பார்த்துப் பத்துச் சைகைகள் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவாள். முதல் மாதத்தில் ஒன்பது பேர் படிப்பை விட்டு நின்றார்கள். அடுத்த மாதம் ஐந்து பேர். துறைத்தலைவி வீடு வீடாகப் போனாள். ஓர் அப்பா அவளை வாசலிலேயே நிறுத்தி, "மறுபடியும் செவுடன்னு பேர் வாங்கிட்டு வந்து நிக்கிறான்மா. இதுக்கா காலேஜ் அனுப்பினேன்?" என்றார். கடைசிப் பெயர்ப் பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள்.

அண்ணனுக்கு ஆய்வக உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அவள்தான் கொண்டுபோய் நீட்டினாள். அவன் மறுப்பான், கிழித்தெறிவான் என்று எதிர்பார்த்தாள். ஒருவகையில் அதற்காக ஏங்கினாள். அவன் ஒருமுறை படித்தான். கையெழுத்துப் போட்டு, பேனாவைப் பத்திரமாக மூடித் திருப்பிக் கொடுத்தான்.

மழை விட்டிருந்த ஒரு மதியம், மொழி ஆய்வகத்துக்கு ஒலிபெருக்கிகள் வந்து இறங்கின. எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரிப் பெட்டிகள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவள் பார்த்தாள். அண்ணன் நான்கு மூலைகளிலும் அவற்றை நெஞ்சுயரத்தில் பொருத்தினான். ஏணியில் ஏறி ஒயர்களை ஒழுங்காக இழுத்துக் கட்டினான். இயக்கியதும் ஒரு பெண் குரல், "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்," என்றது. காலி நாற்காலிகளைத் தாண்டிப் போய் அவன் ஒரு மூலைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. ஒலியைக் கூட்டிவிட்டு மறுபடியும் வைத்தான். இன்னும் கூட்டினான். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே போய் அவன் தோளைத் தொட்டால் போதும். அவள் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். அவன் கண்களை மூடிக்கொண்டு, உள்ளங்கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், அதன் ஒலிக் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.