ஏழாம் நம்பர் பனியன்

எங்கள் கரஸ்பாண்டென்ட் நாராயணசாமியின் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்த மூஞ்சியில் சிரிப்பு வேறு.

சித்தூரில் அவருடைய அப்பா இந்தப் பெண்கள் கல்லூரியைத் தொடங்கியபோதே சேர்ந்தவள் நான். முதல் பி.டி. மேடம். கபடி, வாலிபால், பால் பேட்மிண்டன், ஓட்டம் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் கோச். மைதானமும் ஒன்றே ஒன்றுதான். காலையில் கபடிக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைச் சாயங்காலம் காலால் தேய்த்து அழித்துவிட்டு வாலிபாலுக்குப் போடுவேன். புதுப் பந்து கேட்டால் பழையதைத் தைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இருபத்தைந்து வருடம்! எவனாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னானா?

நாராயணசாமி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அடுத்த வாரம் திருப்பதியில் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டிக்கு நாங்கள் அனுப்ப வேண்டிய பட்டியல். ஏழாவது இடத்தில் என் டீமில் ஆடும் சுமித்ராவின் போட்டோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் பெயர் மட்டும் ரேஷ்மா. ரேஷ்மா இவருடைய அண்ணன் மகள். மைதானத்துப் பக்கம் செல்ஃபி எடுக்கக்கூட வந்ததில்லை.

"இன்னா சார் இது?"

"ஆடறது சுமித்ராவே ஆடட்டும் மேடம். பேரு மட்டும் எங்க பொண்ணுது. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போவ சர்டிபிகேட் வேணும். கையெழுத்துப் போடுங்க."

"அவ முட்டியப் பேத்துக்கினு ஆடுவா, உங்க வீட்டுப் பொண்ணு சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போவாளா? வெக்கமா இல்ல?"

சுமித்ரா புத்தலப்பட்டுக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போகிறவர்கள். அவளுக்கு இது கடைசி வருடம். இந்தப் போட்டியில் பெயர் இல்லாவிட்டால் கோட்டாவில் போலீஸ் வேலை என்பதை அவள் மறந்துவிட வேண்டியதுதான். அது அந்த மனுஷனுக்கும் நன்றாகத் தெரியும்.

அவர் டிராயரைத் திறந்து ஒரு பழைய போட்டோவை மேஜையில் வைத்தார்.

2001, திருப்பதி. எங்கள் கல்லூரிக்குக் கிடைத்த ஒரே கோப்பை, அதைச் சுற்றி ஏழு பெண்கள். ஏழாம் நம்பர் பனியனில் நான்.

அப்போது என்னிடம் இருந்ததே ஏழு பெண்கள்தான். எல்லா ஆட்டத்துக்கும் அவர்களேதான். அவர்களில் பிரேமலதாவை, போட்டிக்கு முந்தின நாள், கல்யாணம் என்று ராமகுப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் டீமே இல்லை. எனக்கும் வயது இருபத்து மூன்றுதான். அவளுடைய பனியனை மாட்டிக்கொண்டு, பிரேமலதா என்று கையெழுத்துப் போட்டு இறங்கிவிட்டேன். கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்ததும் நான்தான். அந்தக் குஷியில் பனியனைக் கழற்றாமல் போட்டோவுக்கு நின்றேன் பாருங்கள், மடச்சி!

"நீங்க செஞ்சா தெறம, நாங்க செஞ்சா தப்பா?" என்றார் நாராயணசாமி. "இதத் திருப்பதி யுனிவர்சிட்டிக்கு அனுப்பட்டுமா? நாளைக்குக் காலையில சொல்லுங்க."

பட்டியலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சுமித்ரா கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ்காரர்கள் அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"நான் ரேஷ்மா பேருலயே ஆடறேன் மேடம். என்னால உங்க வேல போவ வேணாம்."

"வாய மூடுடி!"

"பேரு போனா இன்னா மேடம்? ஆட்டம் என்னுதுதானே?"

இதையே சொல்லிச் சொல்லித்தான் நானும் இத்தனை வருடம் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பைக்கான சர்டிபிகேட்டில் பிரேமலதா பெயர் இருக்கிறது. அவளோ அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நாராயணசாமி முன்னால் இரண்டு தாள்களை வைத்தேன். ஒன்று, சுமித்ராவின் பெயரோடு நான் எழுதிய புதுப் பட்டியல். இன்னொன்று, விடிந்ததும் யுனிவர்சிட்டிக்கு மெயிலில் அனுப்பிவிட்ட என் கடிதத்தின் நகல். 2001இல் நான் செய்தது முழுக்க அதில் இருந்தது. அவர் கொடுத்த பட்டியலின் போட்டோவையும் கூடவே அனுப்பியிருந்தேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் கறுத்தது.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? மிரட்டுனா பயப்படுவன்னு நெனச்சேன். கப்பையே புடுங்கிக்குவாங்களே!"

"புடுங்கட்டும். மொதல்ல இதுக்கு சீல் போடுங்க. இப்ப வேற பேரு போனா யாரு மாட்டுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சீல் குத்தினார். நான் பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து கோப்பையை எடுத்தேன்.

"அய்யோ, அது எங்க நைனா ஞாபகமா வெச்சிருக்கறது! அட்மிஷன் நோட்டீஸ்ல எல்லாம் அதான் இருக்குது! வெச்சிட்டுப் போ. இன்னையோட உன் வேல காலி!"

"உங்க வேலைய நீங்களே வெச்சிக்குங்க. இந்த மண்ணத் துன்னது போதும்."

திருப்பதி பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அதையே பார்த்தார்.

"கப்பு உங்களுதா மேடம்?"

"ஜெயிச்சது நான்தான்," என்றேன். "ஆனா என்னுது இல்ல. திருப்பிக் குடுக்கப் போறேன்."