குருவம்மாள் வாசல்

1972ஆம் வருஷம் சித்திரையில், பரளச்சிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், தனியாக இருந்த வயசாளிகள் இரண்டு பேர் வெயிலில் இறந்தார்கள். அதில் ஒருவர் இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த கோடைக்கு முன்னால் பலசரக்குக் கடை ஐயாத்துரை ஊரைக் கூட்டினார். தனியாக இருந்தவர்கள் ஏழு பேர். அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் பனையோலை பரப்புவது, சாயந்தரம் பக்கத்து வீட்டார் பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பது என்று முடிவாயிற்று. அதோடு, ராத்திரி யாரும் உள்தாழ் போடக் கூடாது. காலை ஏழு மணிக்குள் வாசலில் கோலம் இருக்க வேண்டும். ஆம்பளைகள் ஒரு கோடு கிழித்தால் போதும். இல்லாவிட்டால் ஐயாத்துரை கதவைத் தள்ளி உள்ளே போவார்.

“நான் செத்தா, கோலத்தைப் பாத்துத்தானா தெரிஞ்சுக்கிடணும்?” என்றாள் குருவம்மாள். மிளகாய் வற்றல் ஆய்ந்து பிழைத்தவள், எழுபது தாண்டிவிட்டது. “அன்னைக்குத் தெருவே சத்தமில்லாம இருக்குமேப்பா.”

“அப்ப நாங்களும் ஒருநா நல்லாத் தூங்குவோம் பெரியம்மா,” என்றாள் எதிர்வீட்டு ராமலட்சுமி.

குருவம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

1973 மே 11, வளர்பிறை வெள்ளி. ராமலட்சுமியின் மகள் சௌந்தரத்தைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காலை ஆறரைக்குத் தன் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது எதிர்வாசல் வெறுமையாகக் கிடந்ததை ராமலட்சுமி பார்த்தாள். கோலமில்லாத வாசல் என்றால் எழவு வீடு. வருகிறவர்கள் அதில்தான் முழிப்பார்கள்.

“பெரியம்மா,” என்று ஒருதரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. புழுக்கத்தில் விடிய விடிய முழித்திருந்துவிட்டு அசந்து தூங்குகிறாள், எழுந்து வந்து திட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். தண்ணீர் தெளித்து, நாலு புள்ளி வைத்து இழுத்துவிட்டாள்.

ஏழு மணிக்கு ஐயாத்துரை வந்தார். ஏழு வாசலையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சாயந்தரம் குடத்துத் தண்ணீரும் ஒரு கிண்ணம் கேசரியுமாக ராமலட்சுமி எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினாள். குருவம்மாள் தண்ணீர்ப் பானைக்கு மூன்று முழம் தள்ளிக் குப்புறக் கிடந்தாள்.

திருச்சுழியிலிருந்து வந்த டாக்டர், உயிர் போய் நாலைந்து மணி நேரம் இருக்கும் என்றார்.

“காலையில?” என்று கேட்டாள் ராமலட்சுமி.

“காலையில உயிர் இருந்திருக்கும்.”

“நான் பாத்தேனே,” என்றார் ஐயாத்துரை. “கோலம் இருந்துச்சே. நான் பாத்துட்டுத்தான போனேன்.”

“அது நான் போட்டது அண்ணாச்சி.”

டாக்டர் பையை மூடினார். ராமலட்சுமி கீழே உட்கார்ந்து, குருவம்மாளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவளைப் பிடித்து எழுப்ப முடிந்தது.

சௌந்தரத்தின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. மறு கோடையில் ஐயாத்துரை தினமும் காலையில் ஆறு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்தார்.