சிஆர்பி பன்னிரண்டு

வாட்ஸ்அப்பில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கஸ்தூரி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மற்ற வரிகளெல்லாம் அவளுக்கு எறும்பு ஊர்வது போலத்தான். சிஆர்பி என்ற ஒன்றை மட்டும் தேடிப் பிடிப்பாள். உடம்புக்குள் புண்ணோ வீக்கமோ இருந்தால் அது ஏறும், ஆற ஆற இறங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கட்டிக்காகக் கணவர் சிவப்பிரகாசத்தின் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தபோது நூற்றுப்பத்தில் நின்றது. இன்று பன்னிரண்டு.

வார்டு வாசலில் ஒரு முறை இருமியதுதான் அவள் செய்த குற்றம். சளி பிடித்தவர்கள் நோயாளி பக்கம் வரக்கூடாது என்று அன்றே குருவிநத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொழுந்தன் அரிகரன் துணைக்கு இருக்கிறான். இங்கே இவள் இருமலை விழுங்கிக்கொண்டு எண்ணைப் பார்த்துக் கிடக்கிறாள். கண்ணெதிரே கொடியில் தொங்கும் துண்டையே எங்கே என்று கேட்கிற மனுஷன். அந்தக் கேள்விக்கு எத்தனை நாள் எரிந்து விழுந்திருப்பாள். இப்போது யாராவது வந்து அதைக் கேட்டால் தேவலாம் போலிருந்தது. யாராவது இல்லை, அவரேதான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டைப் பார்த்ததும் கை கால் சும்மா இருக்கவில்லை. கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டாள், துவைத்த விரிப்பை விரித்தாள், கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு ஜெயசுதாவை நிறுத்தி, "நாளைக்கி வந்துடுவாரு" என்று சொல்லியும் ஆயிற்று. சாயங்காலம் அரிகரன் கூப்பிட்டான்.

"அண்ணி, நம்பர பாத்து ஏமாறக் கூடாதாம். அந்த சிஆர்பிய தயார் பண்றதே கல்லீரல்தானாம். பாதிக்கு மேல எடுத்தாச்சில்ல, உள்ள சீழ் கீழ் இருந்தாகூட கம்மியா காட்டுமாம். ஜுரம் வேற வருது. நாளைக்கி ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

கட்டிலில் உட்காரப் போனவள் உட்காரவில்லை. "அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. இருங்க, உங்ககிட்ட பேசணுமாம்."

"கொறஞ்சிடுச்சாமேடி," என்றார் சிவப்பிரகாசம். குரலில் பாதி காற்றுதான். "நாளைக்கி வூட்டுக்கு வுட்டுடுவாங்க. வெந்நி போட்டு வையி, நல்லா குளிக்கணும்."

"வெக்கிறேன்," என்றாள். இருமல் முட்டியது. போன் வழியாகவே அவருக்குத் தொற்றிவிடும் என்பதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடங்கியதும், "தம்பிய நெத்தியில கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க," என்றாள்.

"அவன் கைக்கு இன்னா தெரியும்? நீ வந்து பாரு."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பேச்சு அறுந்தது. பேசியதில் போன் லேசாகச் சுட்டது. அதைக் கீழே வைக்காமல், கன்னத்தோடு அழுத்திப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.