சத்தம் போடாத கூலர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கீபோர்ட் வாங்க மாவனெல்லையில் ஸப்ரி நானாவின் கணினிக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞன் கணினியின் சூட்டைத் தணிக்கும் கூலர் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது எவ்வளவு சத்தம் போடும் நானா?"

"எல்லாரும் சூட்டப் பத்தித்தான் கேப்பாங்க. நீங்க என்ன தம்பி, சத்தத்தப் பத்தியே கேக்கிறீங்க?"

"வீட்டுல மலையோட சத்தம் கேக்கணும் நானா."

ஸப்ரி நானா சிரிக்கவில்லை. நான் கீபோர்டை மறந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அரநாயக்க மலைகளில் பனி இறங்கும் ஒரு...'

வேண்டாம். பனி எல்லாக் கதைகளிலும் இறங்குகிறது.

இரண்டாம் தொடக்கம்: ஜெறோம் (அந்த இளைஞன்தான், பெயர் நான் வைத்தது) அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில், மலைச்சரிவில், மனைவி ஹில்டாவோடு தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான லயத்துக் காம்பராவில் இருக்கிறான். இனிமேல் கட்டப்போகும் வீடுகளை நிஜம்போலக் கணினியில் படமாக்கிக் கொழும்புக்கு அனுப்புவது அவன் தொழில். தாமதமானால் வேலை வேறு கைக்குப் போய்விடும். அதனால் தானே பொருத்திய கணினியை ஓவர்குளொக் செய்திருக்கிறான்.*

இந்த வேலை நிலைத்தால் சரிவை விட்டு இறங்கிக் கேகாலையில் வாடகைக்குப் போய்விடலாம். இருவருக்கும் உள்ள ஒரே ஆசை அதுதான்.

* புரொசெசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் கூலரின் ஃபேன் இரையும். (ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். இவ்வளவும் வீடியோ பார்த்துப் படித்தது.)

3

ஹில்டாவை முதலில் பயந்தாங்கொள்ளியாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். 2016 மழையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து மண் இறங்கியபோது, சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான். அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடியதால் இருவரும் பிழைத்தார்கள். அதிலிருந்து மழை பிடித்தால் அவள் காது மலைப்பக்கம்தான்.

ஆனாலும் எனக்கொரு சந்தேகம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஃபேன் சத்தம் எம்மாத்திரம்?

"மழைச் சத்தம் ஏறும், எறங்கும். அதுக்கு எடையில மத்தது கேட்டுரும்ங்க. இந்த ஃபேன் ஒரே மாதிரி இரையுது. காத அடைச்சிருது" என்கிறாள் ஹில்டா.

என் பாத்திரம் என்னைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. இந்த முறை விட்டுக்கொடுக்கிறேன்.

4

ஸப்ரி நானா இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். "ரெண்டையும் போட்டுப் பாருங்க தம்பி. ஒண்டத் திருப்பித் தாங்க."

காற்றுக் கூலர் செங்கல் பருமன். சும்மா இருக்கும்போது ஊமை. கணினி படத்தை உருவாக்கத் தொடங்கினால் இரைச்சல்தான். தண்ணீர்க் கூலரில் அந்த இரைச்சல் இல்லை, ஆனால் அதன் பம்ப் அடித்தொண்டையில் முனகியது. ஹில்டா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அன்று மண்ணுக்குள்ளிருந்து முதலில் வந்த சத்தமும் இப்படித்தானாம்.

வேகத்தைக் குறைத்துவிடலாமே என்பீர்கள். குறைத்தால் கேகாலை வீடு கைவிட்டுப் போகும். சரிவில் இருக்கும்வரை சத்தம் கூடாது. சரிவை விட்டுப் போக வேகம் வேண்டும். இவர்களை இப்படி மாட்டிவிட்டதற்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது.

5

சனிக்கிழமை. படம் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். காற்றுக் கூலரைப் போட்டு ஓட்டுகிறான் ஜெறோம். மழை பிடித்துவிட்டது.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஜெறோம் எழுந்து கணினியை நிறுத்தி...

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்... (இது ஏமாற்று வேலை.)

"நீங்க முடிங்க. நா வெளிய நின்னு கேக்கிறேன்" என்றாள் ஹில்டா.

சத்தியமாக இது என் யோசனை இல்லை. குடையோடு போய் வாசலில் மலையைப் பார்த்து நின்றாள். குடைத்துணியில் மழை அடிப்பது காதுக்கு இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். குடையை மடக்கிவிட்டாள்.

ஜெறோம் ஜன்னல் வழியாகப் பார்த்தான். படத்தில் கால்வாசி மிச்சம். அவன் கை சுவிட்சை நோக்கி...

இனி உங்கள் பாடு. அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது, எந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஆறுதலாக யோசியுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஹில்டா நனைந்துகொண்டிருக்கிறாள்.